எண்ணெய்க் கடைக்கு எதற்கு வலைப்பதிவு? சிறுதொழில் செய்பவர்களுக்கான முழு வழிகாட்டி

மரச்செக்குக் கடையில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். வருகிறவர்களில் பலர் எண்ணெய் வாங்குவதற்கு முன்னால் ஏதாவது சந்தேகம் கேட்பார்கள். "அண்ணா, சூப்பர் மார்க்கெட்ல இதைவிட எவ்வளவோ கம்மியா கிடைக்குதே?" "போன தடவை வாங்கின கடலை எண்ணெய், வடை போடும்போது பொங்கிடுச்சு, ஏன்?" "தேங்காய் எண்ணெய் கட்டியாயிடுச்சு, ஏதாவது கலந்திருக்கா?" கடைக்காரர் செக்கில் எள்ளைத் தள்ளிவிட்டுக்கொண்டே பதில் சொல்கிறார். அந்தப் பதிலில் திருப்தி வந்த பிறகுதான் வாங்குகிறவர் பையிலிருந்து பணத்தை எடுக்கிறார். ஆனால் அவ்வளவு நல்ல பதில் கடை வாசலைத் தாண்டுவதில்லை. அதே நேரத்தில் சென்னையில் யாரோ ஒருவர் அதே கேள்வியைக் கூகுளில் தட்டிக்கொண்டிருப்பார்.

கல்லாவில் நின்று சொல்லும் பதிலை, கடைக்கு வர முடியாதவரும் படிக்கும்படி எழுதி வைக்கும் இடம்தான் வலைப்பதிவு. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன எழுதுவது, எப்படி எழுதுவது என்ற குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். வசதிக்காக, காங்கேயம் பக்கம் ஒரு மரச்செக்குக் கடை என்று வைத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். உங்கள் தொழில் கைத்தறிப் புடவையோ நர்சரியோ மோட்டார் ரீவைண்டிங்கோ, வழி இதேதான்.

எல்லாத் தொழிலுக்கும் இது தேவையா என்றால், இல்லை. டீக்கடைக்கும் சலூனுக்கும் கூகுள் வரைபடத்தில் கடை சரியாகத் தெரிந்தாலே போதும். யோசித்து, விசாரித்து, சந்தேகப்பட்டு வாங்கும் பொருள்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை விற்பவருக்குத்தான் எழுத்து உதவும். எண்ணெய், நெய், தேன், பட்டு, சோலார், வீட்டு மர வேலை, கணக்கு வரி வேலை எல்லாம் அந்த ரகம்.

இன்ஸ்டாகிராமும் யூடியூபும் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். அவற்றையும் செய்யுங்கள். ஆனால் அவை வாடகை இடம். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதில் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே ராத்திரியில் வெறுங்கையோடு நின்றார்கள். கூகுள் தன் வணிகப் பக்கத்தோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்த குட்டி வலைத்தளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டது. சொந்தப் பெயரில் ஒரு முகவரி வாங்கி அதில் எழுதினால், அது நாம் புதுப்பிக்கும் வரை நம்முடையது.

முதலில் கூகுள் வணிகப் பக்கம்

வலைப்பதிவுக்கு முன்னாலேயே இதை முடித்துவிடுங்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று தேடினால் வரும், இலவசம்தான். கடைப் பெயர், முகவரி, போன், திறக்கும் நேரம், விடுமுறை நாள், உங்கள் கையால் எடுத்த நாலைந்து படங்கள். "பக்கத்தில் மரச்செக்கு" என்று தேடுகிறவர் இங்கேதான் உங்களைப் பார்ப்பார். கடையின் பெயரைப் பலகையில் இருப்பது போலவே போடுங்கள். பெயரோடு "சிறந்த சுத்தமான மரச்செக்கு எண்ணெய் காங்கேயம்" என்று வாலை நீட்டினால் கூகுளின் விதிக்கு முரண், பக்கத்தையே நிறுத்திவிட வாய்ப்புண்டு.

படி 1: கேள்வி நோட்டு

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்கள். ஒரு மாதம், யார் என்ன கேட்டாலும் அவர் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். "ஷெல்ஃப் லைஃப் எவ்வளவு" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "எத்தனை நாளைக்குக் கெடாம இருக்கும்?", "சிக்கு வாடை வருமா?" என்றுதான் கேட்பார்கள். கூகுளில் தேடுகிறவரும் ஏறக்குறைய அப்படியேதான் தட்டுகிறார். உங்கள் தலைப்பும் அந்த வார்த்தையில் இருந்தால் இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வீர்கள்.

கடையில் வேலை செய்பவர்களையும் எழுதச் சொல்லுங்கள். முதலாளியிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்வியைப் பையனிடம் கேட்பார்கள்: "தம்பி, உண்மையைச் சொல்லு, பாமாயில் கலக்கறீங்களா?" தங்கமான கேள்வி இது. வாட்ஸ்அப்பில் வந்த பழைய செய்திகளையும் ஒருமுறை மேலே தள்ளிப் பாருங்கள். அதில் பாதி நோட்டு தயாராக இருக்கும்.

அப்புறம் கூகுளைத் திறந்து "மரச்செக்கு" என்று தட்டி நிறுத்துங்கள். கீழே விழும் பட்டியல், மற்றவர்கள் தேடியதை வைத்து வருவது. தேடல் முடிவுகளுக்கு நடுவே மக்கள் கேட்கும் பிற கேள்விகள் என்று ஒரு பெட்டியும் சில சமயம் வரும். இவற்றில் உங்களுக்குப் பதில் தெரிந்ததை மட்டும் நோட்டில் ஏற்றுங்கள். காசு கொடுத்து வாங்கும் தேடல் சொல் கருவிகள் நிறைய உண்டு. தமிழில் எழுதும் சின்னக் கடைக்கு முதல் வருடம் அவை தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

மாத முடிவில், அதிகம் பேர் கேட்டதை மேலே வைத்து வரிசைப்படுத்துங்கள். அதுதான் உங்கள் முதல் பத்துப் பன்னிரண்டு கட்டுரைகளின் பட்டியல்.

படி 2: இடம் பிடித்தல்

டொமைன் எனப்படும் முகவரியை முதலில் வாங்குங்கள். டாட் இன் அல்லது டாட் காம், எதுவும் சரி. ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆகும். முதல் வருடம் மலிவாகக் கொடுத்துவிட்டு இரண்டாம் வருடம் ஏற்றுவது இந்த வியாபாரத்தின் வழக்கம், அதனால் புதுப்பிக்கும் விலையைப் பார்த்து வாங்குங்கள். பெயர் போனில் சொன்னால் புரிய வேண்டும், ஆங்கிலத்தில் ஒரே விதமாக எழுத வர வேண்டும். "செக்கு" என்பதை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதுவார்கள், கவனம்.

இதைவிட முக்கியமானது ஒன்று. டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைபேசி எண்ணில் பதிவாக வேண்டும். வலைத்தளம் செய்து கொடுக்கும் தம்பி நல்லவராகவே இருக்கலாம். அவர் வேறு வேலைக்குப் போய், எண்ணையும் மாற்றிவிட்டால் உங்கள் கடைப் பெயரை மீட்க நீங்கள் அலைய வேண்டிவரும். கடவுச்சொல்லை வீட்டில் ஒருவரிடமும் எழுதிக் கொடுத்து வையுங்கள்.

எழுதும் தளத்துக்கு இரண்டு வழி. கூகுளின் பிளாகர் இலவசம், சொந்த டொமைனையும் அதில் இணைக்கலாம், பராமரிப்பு என்று எதுவும் இல்லை. தோற்றம் கொஞ்சம் பழையதாக இருக்கும், கடையாக விரிவாக்க முடியாது. வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம், ஆனால் அதை வைக்க ஹோஸ்டிங் எனப்படும் இணைய இடம் வாங்க வேண்டும், ஆண்டுக்குச் சில ஆயிரம் ஆகும். பின்னாளில் ஆன்லைன் விற்பனையும் அதிலேயே சேர்க்கலாம், ஆனால் அப்டேட், பேக்கப் பார்க்க ஒரு ஆள் தேவை. கணினியில் கை பழகாதவர் பிளாகரில் தொடங்குவதில் எந்தக் குறையும் இல்லை. பத்துக் கட்டுரை எழுதிய பிறகும் ஆர்வம் இருந்தால் வேர்ட்பிரஸுக்கு மாறலாம். சொந்த டொமைனில் இருந்தால், மாற்றும்போது பழைய கட்டுரை முகவரிகள் உடையாமல் பார்த்துக்கொள்ளவும் முடியும்.

வடிவமைப்பில் மாதக்கணக்கில் உட்கார வேண்டாம். வெள்ளைப் பின்னணி, போனில் படிக்கிற அளவு எழுத்து, மேலே கடைப் பெயர், கீழே போன் எண். போதும்.

படி 3: முதல் கட்டுரை விலையைப் பற்றி

இங்கேதான் எல்லோரும் தயங்குகிறார்கள். விலையைப் போட்டால் போட்டிக்காரன் பார்த்துவிடுவான் என்பார்கள். போட்டிக்காரனுக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும். தெரியாதவர் வாங்க நினைப்பவர் மட்டும்தான்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ரிவர் பூல்ஸ் என்று, வீடுகளுக்கு ஃபைபர்கிளாஸ் நீச்சல் குளம் அமைத்துக் கொடுக்கும் நிறுவனம். 2008 பொருளாதார நெருக்கடியில் மூடும் நிலைக்கு வந்தது. 2009இல் அவர்கள் செய்த வேலை, வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தங்கள் தளத்தில் பதில் எழுதியது. அதில் அதிகம் பேசப்பட்டது, ஒரு குளத்துக்கு எவ்வளவு ஆகும் என்ற கட்டுரை. அந்தத் துறையில் யாரும் வெளிப்படையாக விலையைப் பேசாத காலம். எதெதனால் விலை ஏறும், எதனால் இறங்கும் என்று அவர்கள் எழுதியதால், விலையைத் தேடிய ஆட்கள் அவர்களிடம் வந்தார்கள். நிறுவனம் பிழைத்து வளர்ந்தது.

நம் செக்குக் கடைக்கு வருவோம். "மரச்செக்குக் கடலை எண்ணெய் விலை ஏன் அதிகம்?" என்பது தலைப்பு. உள்ளே கணக்கைப் போடுங்கள். செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்கச் சுமார் இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு போகும். உங்கள் செக்கில் எவ்வளவு இறங்குகிறதோ அந்த அளவையே எழுதுங்கள். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்தால் அதற்கே 300 ரூபாய். அதோடு ஆட்டுக்கூலி, கரண்ட், பாட்டில், கசடாகப் போகும் அளவு. புண்ணாக்கு விற்று வரும் பணத்தைக் கழியுங்கள், மறைக்காதீர்கள். படிக்கிறவர்களில் விவசாயியும் இருப்பார், புண்ணாக்கு விலை அவருக்கு அத்துப்படி. ஆலைகளில் புண்ணாக்கில் மிஞ்சும் எண்ணெயையும் ஹெக்சேன் என்ற கரைப்பானைக் கொண்டு எடுத்துவிடுகிறார்கள், அதனால் அவர்களுக்கு ஒரு மூட்டையில் கூடுதல் எண்ணெய் கிடைக்கிறது, விலையும் குறைகிறது. இதையும் சொல்லுங்கள். இதைப் படித்தவர் மறுபடி வந்து "ஏன் இவ்வளவு?" என்று கேட்க மாட்டார். வாங்கலாம், வாங்காமல் போகலாம். வாங்காதவரிடம் பேரம் பேசும் நேரமாவது மிச்சம்.

அடுத்து, குறையாகத் தோன்றும் விஷயங்களை எடுங்கள். இவைதான் நம்பிக்கையைக் கொண்டுவரும். சில தலைப்புகள்:

"தேங்காய் எண்ணெய் மார்கழியில் ஏன் உறைகிறது?" சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும், அது அதன் இயல்பு. ஆனால் "உறைந்தால்தான் சுத்தம்" என்று முடித்துவிடாதீர்கள். பனை விதைப் பருப்பிலிருந்து எடுக்கும் பாம் கெர்னல் எண்ணெயும் கிட்டத்தட்ட அதே சூட்டில் உறையும். அதனால் உறைவதை மட்டும் வைத்துத் தரம் சொல்ல முடியாது என்று எழுதுங்கள். தன் சரக்குக்குச் சாதகமான பொய்யைத் தானே மறுக்கிற கடைக்காரரை யார் நம்ப மாட்டார்கள்?

"ஒரு லிட்டர் எண்ணெய் ஏன் ஒரு கிலோ இல்லை?" வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, குறைத்துவிட்டார்கள் என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, லிட்டருக்குச் சுமார் 910 முதல் 920 கிராம்தான் இருக்கும். தராசில் பாட்டிலை வைத்து ஒரு படம் எடுத்துப் போட்டால், விளக்கம் நாலு வரியில் முடிந்துவிடும்.

"பலகாரம் சுடும்போது எண்ணெய் பொங்குவது ஏன்?" சுத்திகரிக்காத எண்ணெயில் இயற்கையான பிசின் போன்ற பொருள்களும் கொஞ்சம் ஈரமும் மிஞ்சியிருக்கும். நன்றாகத் தெளியவைக்காத எண்ணெயில் இது கூடுதல். பெரிய வாணலியில் பாதிக்குக் கீழே ஊற்றி மெல்லச் சூடாக்குங்கள் என்று பாதுகாப்பு வழியும் சொல்ல வேண்டும். கொதிக்கும் எண்ணெய் பொங்கினால் ஆபத்து, இதில் விளையாட்டு கூடாது.

"எங்கள் எண்ணெய் யாருக்குச் சரிப்படாது?" என்றே ஒரு கட்டுரை எழுதலாம். வாடை பிடிக்காதவர், மாதக்கணக்கில் மொத்தமாக வாங்கி வைப்பவர், பெரிய அளவில் பொரிக்கும் ஓட்டல்காரர். இவர்களுக்கு வேறு எண்ணெய் வசதி என்று எழுதினால் விற்பனை குறையாது. திரும்பிக் கொடுக்க வரும் பாட்டில்தான் குறையும்.

"தேங்காய் எண்ணெயின் 10 அற்புத நன்மைகள்" என்ற கட்டுரையை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். இணையத்தில் அது ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. அந்த மாதிரிப் பொதுத் தகவலுக்கு இப்போது தேடல் பக்கத்திலேயே செயற்கை நுண்ணறிவு பதில் எழுதிவிடுகிறது, கடைக்கு ஆள் வருவதில்லை. உங்கள் வாகை மரச் செக்கில், இந்த வருடக் கொப்பரையில் என்ன நடந்தது என்பதை அதனால் எழுத முடியாது. கூகுளும் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் 2022 டிசம்பரில் நேரடி அனுபவத்தை ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. செய்து பார்த்தவர் எழுதியதா, கேள்விப்பட்டவர் எழுதியதா என்று பார்க்கச் சொல்கிறது.

படி 4: எழுதுவது

"எனக்கு எழுத வராது" என்பவர்களுக்கு: பேச வருகிறது இல்லையா, அது போதும். போனில் கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, மைக்கை அழுத்தி, எதிரே வாடிக்கையாளர் நிற்பதாக நினைத்துப் பதில் சொல்லுங்கள். தமிழ்ப் பேச்சை ஓரளவு நன்றாகவே எழுத்தாக்கும். பிறகு பிழை திருத்தி, பத்தி பிரித்தால் கட்டுரை ரெடி. படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் திருத்தும் வேலையை அவர்களிடம் கொடுக்கலாம்.

முதல் இரண்டு வரியில் பதில் வந்துவிட வேண்டும். "நம் முன்னோர்கள் ஆதிகாலம் தொட்டே எண்ணெயைப் பயன்படுத்தி வந்தனர்" என்று தொடங்கினால் அங்கேயே ஆள் ஓடிவிடுவார். "மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்தால் பயப்பட வேண்டாம், பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வையுங்கள், இளகிவிடும்" என்று தொடங்குங்கள். காரணத்தைப் பின்னால் சொல்லலாம். நீளத்துக்குக் கணக்கு இல்லை. லிட்டர் கிலோ விஷயம் இருநூறு சொற்களில் முடியும், விலைக் கட்டுரை ஆயிரம் கேட்கும்.

தொழிலின் உள்வேலையைக் காட்ட அஞ்ச வேண்டாம். லண்டனின் சாவில் ரோ, உலகத்தின் விலை உயர்ந்த கோட்டுகள் தைக்கும் தெரு. வெளியாருக்கு எதுவும் சொல்லாத பரம்பரைத் தையற்காரர்கள் இருக்கும் இடம். அங்கே தொழில் கற்ற தாமஸ் மஹோன் 2005இல் இங்கிலிஷ் கட் என்ற வலைப்பதிவைத் தொடங்கி, துணியை எப்படி வெட்டுகிறோம், கோட்டுக்குள் என்ன வைத்துத் தைக்கிறோம், ஏன் இவ்வளவு விலை என்று எழுத ஆரம்பித்தார். ரகசியம் போய்விட்டதே என்று தொழில் படுக்கவில்லை. அமெரிக்காவிலிருந்தெல்லாம் ஆள் தேடி வந்தார்கள். வெட்டும் விதத்தைப் படித்தவர் தானே வெட்டப் போவதில்லை. நல்லெண்ணெய்க்கு எள்ளோடு கருப்பட்டியை எப்போது, எவ்வளவு சேர்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதினாலும் யாரும் வீட்டில் செக்கு போடப் போவதில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் வரும் சில சிக்கல்கள் உண்டு. கட்டுரையின் இணைய முகவரி தமிழிலேயே அமைந்தால், அதை நகலெடுத்து அனுப்பும்போது சதவீதக் குறிகளும் எண்களுமாக முழ நீளத்துக்கு நீளும். பார்ப்பவர் வைரஸ் என்று பயந்து தொட மாட்டார். அதனால் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களாக வைத்துக்கொள்ளுங்கள். பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் வெளியிடுவதற்கு முன் அதை மாற்ற இடமுண்டு. தமிழ் வார்த்தையையே ஆங்கில எழுத்தில் தேடுகிறவர்களும் ஏராளம். அந்த முகவரி அவர்களுக்கும் கொஞ்சம் உதவும். அதற்காகக் கட்டுரையையே ஆங்கில எழுத்தில் எழுதிவிடாதீர்கள், படிக்க முடியாது. பிறகு யூனிகோட், அதாவது எல்லாப் போனிலும் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் எழுத்து முறை. பழைய டிடிபி எழுத்துருவில் அடித்த நோட்டீஸை அப்படியே ஒட்டினால் கிறுக்கலாகத் தெரியும், யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள்.

படங்களை நீங்களே எடுங்கள். கசடு அடியில் தங்கிய பாத்திரம், வெயிலில் காயும் கொப்பரை, செக்கிலிருந்து வழியும் முதல் எண்ணெய். இணையத்தில் எடுத்த வெளிநாட்டுப் பாட்டில் படத்தைவிட இவை எவ்வளவோ மேல், காப்புரிமை வம்பும் இல்லை. போன் படம் மூன்று நான்கு எம்பி இருக்கும். அப்படியே ஏற்றினால் சிக்னல் குறைந்த இடத்தில் பக்கம் திறக்காது. ஸ்க்வூஷ் என்ற இலவசத் தளத்தில் அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து ஏற்றுங்கள்.

படி 5: வாயை அடக்க வேண்டிய இடம்

உணவுப் பொருள் விற்பவர் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்", "மாரடைப்பு வராது", "புற்றுநோய்க்கு மருந்து" என்று உங்கள் தளத்தில் ஒரு வரிகூட எழுதக் கூடாது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, விளம்பரம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் இணையமும் வலைத்தளமும் உண்டு. ஒளி, ஒலி, புகை என்றுகூட வரிசை போட்டிருக்கிறார்கள், ஒன்றையும் விடவில்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அதன் 53ஆவது பிரிவு. 2018இல் வந்த விளம்பரம், உரிமை கோரல் பற்றிய விதிமுறைகள் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று விவரிக்கின்றன. நோய் தீர்க்கும் மாய மருந்து விளம்பரங்களுக்கு எதிராக 1954 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. "பாட்டி சொன்னாங்க" என்று போட்டாலும் தப்ப முடியாது, தளம் உங்களுடையது.

எப்படி ஆட்டினோம், எதில் ஆட்டினோம், எப்படிச் சமைக்கலாம், எப்படிப் பத்திரப்படுத்தலாம். எழுத இவ்வளவு இருக்கிறது. உங்கள் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணைப் பக்கத்தின் அடியில் தெரியும்படி போடுங்கள். மற்ற கம்பெனிப் பெயரைச் சொல்லித் திட்ட வேண்டாம். வாடிக்கையாளர் படத்தையோ பெயரையோ அவரைக் கேட்காமல் போட வேண்டாம்.

படி 6: படித்தவரைக் கடைக்குள் அழைப்பது

கட்டுரையைப் படித்து முடித்தவர் அடுத்து என்ன செய்வார்? பல தளங்களில் அதற்கு வழியே இருக்காது. போன் எண்ணைத் தேடி வேறு பக்கத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கட்டுரையின் கீழும் ஒரு வாட்ஸ்அப் பட்டன் வையுங்கள். வாட்ஸ்அப் இணைப்பில், திறந்தவுடன் தயாராக வந்து நிற்கும்படி ஒரு செய்தியைச் சேர்க்கலாம். அந்தச் செய்தியைக் கட்டுரைக்குக் கட்டுரை மாற்றுங்கள். விலைக் கட்டுரையில் "கடலை எண்ணெய் விலைக் கணக்கு படித்தேன், இன்றைய விலை என்ன?" என்றும், தேங்காய் எண்ணெய்க் கட்டுரையில் "உறைவது பற்றிப் படித்தேன்" என்றும் இருக்கட்டும். செய்தி வந்தவுடனே எந்தக் கட்டுரை ஆளைக் கூட்டி வந்தது என்று தெரிந்துவிடும். நோட்டில் ஒரு கோடு போடுங்கள். மாதக் கட்டணம் வாங்கும் எந்த அளவீட்டுக் கருவியும் சின்னக் கடைக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

விலைப்பட்டியலுக்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் வையுங்கள். கட்டுரைக்குள் இன்றைய விலையை எழுதினால் நாளைக்குப் பழசாகிவிடும். அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் போதும். கூரியர் செலவு, எத்தனை நாளில் சேரும், வழியில் பாட்டில் உடைந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். வெளியூர்க்காரரின் பெரிய பயம் கடைசிக் கேள்விதான்.

படி 7: கண்ணில் படவைப்பது

கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைச் சேர்த்து, சைட்மேப்பைக் (தளத்தில் உள்ள பக்கங்களின் பட்டியல்) கொடுங்கள். இலவசம். அரை மணி நேர வேலை, யூடியூபில் தமிழிலேயே சொல்லித் தருகிறார்கள். சில வாரங்கள் கழித்து, என்ன தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள் என்று காட்டும். நீங்கள் நினைக்காத கேள்விக்கெல்லாம் உங்கள் பக்கம் வந்திருக்கும், அவற்றைக் கேள்வி நோட்டில் ஏற்றுங்கள்.

கூகுள் கண்டுகொள்ளும் வரை காத்திருக்கவும் வேண்டாம். யாராவது வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்டால், இரண்டு வரி பதிலோடு கட்டுரை இணைப்பை அனுப்புங்கள். அது ஒன்றுக்காகவே இந்த வேலை தகும், ஒரே பதிலை நூறு முறை தட்டச்சு செய்யும் நேரம் மிச்சம். பாட்டில் லேபிளில் ஒரு க்யூஆர் கட்டம் போட்டு, அந்தந்த எண்ணெயைப் பத்திரப்படுத்தும் முறை பற்றிய கட்டுரைக்குக் கொண்டுபோகலாம். வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். மாதம் ஒன்றிரண்டுக்கு மேல் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள்.

"முதல் பக்கத்தில் கொண்டுவருகிறோம், மாதம் ஐந்தாயிரம்" என்று போன் வரும். தளம் ஆரம்பித்த வாரத்திலேயே வரும். முதல் இடத்துக்கு உத்தரவாதம் தருகிறேன் என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். அப்படி உத்தரவாதம் தர யாராலும் முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

இன்னொரு ஆசையும் வரும். கூகுள் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழ்த் தளங்களுக்கும் கிடைக்கிறது, விளம்பரம் போட்டுக் கொஞ்சம் சம்பாதிக்கலாமே என்று. கடைத் தளத்தில் வேண்டாம். உங்கள் கடலை எண்ணெய்க் கட்டுரைக்கு நடுவில் பெரிய கம்பெனியின் எண்ணெய் விளம்பரம் வந்து நிற்கும். சில ரூபாய்க்காக உங்கள் வாடிக்கையாளரை நீங்களே கைபிடித்து அடுத்த கடையில் விட்டு வந்த கதையாகிவிடும்.

படி 8: எவ்வளவு, எத்தனை நாள்

மாதம் இரண்டு கட்டுரை போதும். பொங்கல், தீபாவளி வியாபார நெருக்கத்தில் ஒன்றும் எழுத வேண்டாம், ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்னால் பலகார எண்ணெய்க் கட்டுரை தயாராக இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் உறையும் கட்டுரையை ஐப்பசியிலேயே போட்டுவிட்டால் மார்கழிக்குள் கூகுள் அதைத் தெரிந்துகொள்ளும். புதுத் தளத்துக்குத் தேடலிலிருந்து ஆள் வரச் சில மாதங்கள் பிடிக்கும். அதுவரை வாட்ஸ்அப்பும் லேபிளும்தான் ஆள் கொண்டுவரும். ஆறு மாதத்தில் ஒரு பார்வையாளர்கூட வரவில்லை என்றால் தலைப்புகளை மறுபடி பாருங்கள். மக்கள் கேட்டதை எழுதினீர்களா, நீங்கள் சொல்ல விரும்பியதை எழுதினீர்களா என்று அதில் தெரிந்துவிடும்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். பத்தாயிரம் பேர் படித்து யாரும் கேட்காத கட்டுரையைவிட, நாற்பது பேர் படித்து ஐந்து பேர் வாட்ஸ்அப்பில் வந்த கட்டுரை மேல். கோடு போட்ட நோட்டைப் பாருங்கள். எதில் கோடு அதிகமோ அதைச் சுற்றி இன்னும் இரண்டு எழுதுங்கள்.

புதுசு எழுதுவதைவிடப் பழசைச் சரிசெய்வது சில மாதங்களில் லாபம். புதுக் கடலை வந்து பருப்பு விலை மாறும்போது விலைக் கட்டுரையின் கணக்கைத் திருத்தி, திருத்திய தேதியை மேலே போடுங்கள். படித்தவர்கள் கேட்ட துணைக் கேள்வியை அதே கட்டுரையில் ஒரு பத்தியாகச் சேருங்கள். கடை எண் மாறினால் எல்லாப் பட்டனிலும் மாற்ற வேண்டும், இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மாதம் ஒருமுறை உங்கள் போனை விட்டுவிட்டு வீட்டில் வேறு யாருடைய போனிலாவது தளத்தைத் திறந்து, ஒவ்வொரு கட்டுரையின் கீழும் உள்ள பட்டனை அழுத்தி, செய்தி உங்கள் கடை எண்ணுக்குத்தான் வருகிறதா என்று பாருங்கள்.